அரம் பிடித்த மூன்று மாதம்

2022 ஜூன் 20, திங்கட்கிழமை. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் அன்று ஒரே நாளில் தேர்வு முடிவு வந்தது. லேத்தில் ஒரு புஷ் ஓடிக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து போன். "பாஸ் பண்ணிட்டான்டா தம்பி" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். பத்தாம் வகுப்பு எழுதிய அவள் மகனுக்கு ஐந்நூறுக்கு 201. கணக்கில் 36. தேறாமல் போயிருந்தால்கூட இவ்வளவு அழுதிருக்க மாட்டாள். மறுபடி எழுது என்று சொல்லியிருப்பாள். இந்த மார்க்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

மெஷினை நிறுத்திவிட்டு, "ஐ.டி.ஐ.யில போடலாம்க்கா" என்றேன். மறுமுனையில் அழுகை நின்றது. "உங்க மாமாகிட்ட நீயே சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

நாங்கள் இருப்பது நசரத்பேட்டை. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்தால், வெளிவட்டச் சாலை குறுக்கே போகிற இடம். காலையில் நெடுஞ்சாலை ஓரம் நின்று பார்த்தால் பொறியியல் கல்லூரிப் பேருந்துகள் வரிசையாகப் போகும். எங்கள் ஊரிலும் கல்லூரி, தண்டலம் பக்கம் போனாலும் கல்லூரி. என் அக்கா வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறவர். கோயம்பேட்டுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே கால் நூற்றாண்டாகக் காய்கறி மூட்டை ஏற்றுகிறார். அந்தப் பேருந்துகளுக்குப் பின்னால் வண்டியை ஓட்டி ஓட்டியே தன் மகனை அதில் ஒரு ஜன்னல் சீட்டில் உட்கார வைத்துவிட்டார், மனசுக்குள்.

அன்று இரவு போய்ச் சொன்னேன். "உன்ன மாதிரி கையில கிரீஸ் பூசிட்டுத் திரியணுமா என் புள்ள?" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது உண்மைதானே, கையில் கிரீஸ் இருந்தது.

நான் ஃபிட்டர். 1985-இல் ஐ.டி.ஐ. சேர்ந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல்ரூமில் இருபத்தெட்டு வருடம். இப்போது ஊரிலேயே ஒரு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் ஒரு பெஞ்ச் வைஸும் வைத்து சின்னப் பட்டறை. நான் படித்த காலத்தில் ஐ.டி.ஐ.க்கு மரியாதை இருந்தது. பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா என்று சென்னையின் மேற்குப் பக்கம் முழுக்க இரும்பு வேலை. பையன் ஃபிட்டர், பாடியில் பர்மனென்ட் என்றால் ஜாதகம்கூடப் பார்க்காமல் பெண் கொடுத்தார்கள். 1984-இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் மாறிப்போனது. ஐ.டி.ஐ. என்பது படிப்பு வராதவன் போகும் இடம் ஆயிற்று. பொறியியல் முடித்த பையன்கள் பலர் இன்று இருங்காட்டுக்கோட்டையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒப்பந்தத் தொழிலாளியாக லைனில் நிற்கிறார்கள் என்பது மாமாவுக்கும் தெரியும். அவர் வண்டியில் லிஃப்ட் கேட்டு ஏறுகிறவர்களே அவர்கள்தான். ஆனாலும் அவர்கள் பெயருக்குப் பின்னால் பி.இ. இருக்கிறதே.

இதற்கிடையில் அக்கா ஒரு காரியம் செய்தாள். பூந்தமல்லி பஜாரில் யாரோ ஒரு புரோக்கர், "ஒரே வருஷம், கவர்ன்மென்ட் சர்டிபிகேட், வெளிநாட்டு வேலை" என்று சொல்லியிருக்கிறான். அறுபதாயிரம் கட்டணமாம். எங்களிடம் கேட்காமல் ஐயாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டாள். நோட்டீஸை வாங்கிப் பார்த்தேன். தேசியத் தொழிற்பயிற்சிக் குழுவைக் குறிக்கும் என்.சி.வி.டி. என்ற எழுத்தே அதில் இல்லை. தேசியத் தொழிற்சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற ஐ.டி.ஐ.யில் படித்து, அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதினால்தான் அது கிடைக்கும். ரயில்வேயோ பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையோ கேட்பது அந்தத் தாளை. மற்றதெல்லாம் சட்டம் போட்டு மாட்ட உதவும். ஐயாயிரம் திரும்பி வரவே இல்லை. தனியார் ஐ.டி.ஐ.களிலும் நல்லவை உண்டு. அங்கீகாரம் இருக்கிறதா, எந்தத் தொழிற்பிரிவுக்கு இருக்கிறது என்று கேட்காமல் பணம் கட்டக் கூடாது, அவ்வளவுதான்.

அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, ஷூ, சைக்கிள், பாடநூல், பஸ் பாஸ் எல்லாம் அரசு தருகிறது. மாமாவின் மனம் இளகியது இதைக் கேட்டுத்தான். அவருடைய வீம்பை உடைத்தது என் வாதம் இல்லை, அந்த 750 ரூபாய். அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவு கிடைத்தது. இரண்டு வருடம்.

இனிமேல்தான் விஷயமே. சேர்ப்பது ஒரு நாள் வேலை. சேர்த்த பையனை நிற்க வைப்பதுதான் பெரிய பாடு.

ஃபிட்டர் படிப்பில் முதல் சில மாதம் அரம் பிடிப்பது. கம்ப்யூட்டர் கிடையாது, சுழலும் மெஷின் கிடையாது. ஒரு துண்டு மைல்டு ஸ்டீல் பட்டை, ஒரு வைஸ், ஒரு அரம். அந்தப் பட்டையின் ஓரத்தைச் சமதளமாக ராவ வேண்டும். பிறகு அடுத்த ஓரத்தை, முதல் ஓரத்துக்குச் சரியாகத் தொண்ணூறு டிகிரியில். பிறகு அடுத்தது. பதினைந்து வயதுப் பையனுக்கு இது தண்டனையாகத்தான் தெரியும். இரண்டாவது வாரம் என் பட்டறைக்கு வந்து கையை நீட்டினான். உள்ளங்கையில் மூன்று கொப்புளம், ஒன்று உடைந்திருந்தது.

"இரும்பத் தேய்க்கத்தான் அனுப்புனீங்களா மாமா?"

அக்கா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே என்னை முறைத்தாள். இந்தக் கட்டத்தில்தான் பல பையன்கள் நின்றுபோகிறார்கள். வீட்டில் யாருக்கும் அவன் என்ன செய்கிறான் என்று தெரியாது. பள்ளிக்கூடத்தில் படித்தால் மார்க் ஷீட் வரும், திட்டவாவது செய்யலாம். இங்கே பையன் ஒரு இரும்புத் துண்டைக் கொண்டுவந்து காட்டுகிறான், அப்பா அதைப் பார்த்துவிட்டு "இதுக்கு ஒரு மாசமா?" என்கிறார். அந்த ஒரு கேள்வி போதும், பையன் மறுநாள் கிளம்ப மாட்டான்.

நான் அவனை வைஸ் முன்னால் நிற்கச் சொன்னேன். வைஸின் உயரம் அவன் முழங்கைக்குச் சரியாக இருக்கிறதா பார்த்தேன். இடது காலை முன்வைத்து, உடம்பின் எடையை அரத்தின் மேல் சாய்க்கச் சொன்னேன். "முன்னாடி தள்ளும்போதுதான் அரம் வெட்டும். பின்னாடி இழுக்கும்போது அழுத்தினா பல்லுதான் மழுங்கும், உன் கைதான் போகும்." அவன் இரண்டு பக்கமும் அழுத்திக்கொண்டிருந்தான். கொப்புளத்துக்குக் காரணம் அதுதான். அரத்தின் பல்லில் சாக்பீஸ் தேய்த்துக் கொடுத்தேன். சாக்பீஸ் தடவினால் இரும்புத் துகள் பல்லிடுக்கில் சிக்காது. வேலையில் கீறல் விழாது. ஐ.டி.ஐ. சாரும் இதையெல்லாம் சொல்லித்தான் இருப்பார். நிறைய பையன்களுக்கு நடுவே நின்று கேட்பதும் மாமா பட்டறையில் தனியாகக் கேட்பதும் ஒன்றாகுமா?

பிறகு டிரை ஸ்கொயரை எடுத்து அவன் ராவிய ஓரத்தில் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். இரும்புக்கும் ஸ்கொயருக்கும் நடுவே இரண்டு முனையிலும் வெளிச்சம் தெரிந்தது. நடுவில் மேடு, இரண்டு ஓரமும் பள்ளம். புதிதாக அரம் பிடிக்கிறவன் கை அப்படித்தான் ஆடும், தராசுத் தட்டு மாதிரி. "வெளிச்சம் வராம பண்ணு, போதும்" என்றேன்.

அவன் என் பழைய பத்து அங்குல அரத்தோடு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேயே நின்றான். மார்க் ஷீட்டை ஒளித்து வைத்துப் பழகியவன் அவன். எட்டாம் வகுப்பில் கையெழுத்தையே போட்டுக் காட்டியவன். வெளிச்சத்தை ஒளிக்க முடியாது. யார் தூக்கிப் பிடித்தாலும் தெரியும். நவம்பர் மாதம் ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு ஓடி வந்தான். ஸ்கொயரை வைத்து டியூப் லைட்டுக்கு நேரே தூக்கினோம். இருட்டு. நாலு பக்கமும் இருட்டு. அந்தத் துண்டை அவனே எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டினானாம். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "கனமா இருக்குடா" என்று மட்டும் சொன்னாராம். திட்டவில்லை. எனக்கு அது போதும்.

நடுவில் ஒரு கயிற்றுச் சண்டையும் நடந்தது. அக்கா அவன் மணிக்கட்டில் திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறு கட்டியிருந்தாள். டிரில்லிங் மெஷினுக்குப் போகும் முன் அதை அவிழ்க்கச் சொல்லிவிட்டார் சார். "சாமி கயித்த அறுக்கச் சொல்றாரு, என்ன படிப்பு இது?" என்று அக்கா என்னிடம் வந்தாள். நான் என் இடது கை மோதிர விரலைக் காட்டினேன். அதில் ஒரு தழும்பு உண்டு. 1991-இல் கையுறையோடு டிரில்லிங்கில் நின்றதற்குக் கிடைத்தது. ஓடுகிற டிரில் கயிற்றைப் பிடித்தால் கயிறு அறாது, கை போகும். "இடுப்பில கட்டுக்கா, சாமி கோச்சுக்காது" என்றேன். அரைஞாணோடு சேர்த்துக் கட்டினாள். பிரச்சினை தீர்ந்தது.

கணக்கில் 36 வாங்கியவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐ.டி.ஐ. என்றால் கணக்கு இல்லை என்று நினைக்கிறவர்கள் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. தொழிற்கல்வியில் செய்முறை, தொழில் பாடம் இவற்றோடு பணிமனைக் கணக்கும் இயந்திர வரைபடமும் உண்டு. பள்ளியில் சைன், காஸ் என்று கரும்பலகையில் எழுதியபோது அவன் பின்வரிசையில் தூங்கினான். இங்கே சைன் பார் என்ற கருவியைக் கையில் கொடுத்தார்கள். இருநூறு மில்லிமீட்டர் நீளமுள்ள சைன் பாரை முப்பது டிகிரி சாய்க்க வேண்டும் என்றால் ஒரு முனைக்கு அடியில் நூறு மில்லிமீட்டர் ஸ்லிப் கேஜ் வைக்க வேண்டும். ஏன் நூறு? சைன் முப்பது அரை என்பதால். "இதத்தான் அந்த டீச்சரும் சொன்னாங்களா மாமா?" என்று கேட்டான். இதையேதான் சொன்னார்கள்.

வெர்னியர் காலிபரும் அப்படித்தான். அதன் சிறு அளவுகோலில் ஐம்பது கோடு, மொத்தம் நாற்பத்தொன்பது மில்லிமீட்டர் நீளம். ஒரு கோட்டுக்கு 0.98. ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் 0.02. அதுதான் அந்தக் கருவி காட்டும் மிகச் சிறிய அளவு. இதைச் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து தங்கைக்கு விளக்கிக்கொண்டிருந்தான் ஒரு நாள். பத்து எம்.எம். திரெட் போட எட்டரை எம்.எம். டிரில் எதற்கு என்று அவளிடம் கேட்டு, அவள் முழித்தபோது சிரித்தான். அந்த வீட்டில் கணக்கைப் பற்றி யாராவது சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

பாடநூல் பற்றி ஒரு வார்த்தை. கிண்டியில் 1986-இல் ஜெர்மனி உதவியோடு தொடங்கிய தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம் ஒன்று இருக்கிறது. நாடு முழுக்க ஐ.டி.ஐ.களுக்கான புத்தகங்கள் அங்கிருந்துதான் வருகின்றன, தமிழிலும். படங்கள் நன்றாக இருக்கும். தமிழ்தான் சில இடங்களில் அகராதியைப் பிழிந்து எடுத்ததுபோல இருக்கும். பட்டறையில் யாரும் சொல்லாத வார்த்தை. நான் ஆங்கிலச் சொல்லையும் பட்டறைச் சொல்லையும் பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். நேர்முகத் தேர்வில் கேட்பவன் ஆங்கிலச் சொல்லைத்தான் கேட்பான். வேலை வாங்குகிற மேஸ்திரி பட்டறைச் சொல்லைத்தான் கத்துவான். இரண்டும் வேண்டும்.

இரண்டாம் வருடம் வேறு மாதிரித் தொல்லை. 2023 ஜூலையில் ஒரகடத்தில் முதலமைச்சர் தொழில் 4.0 மையங்களைத் தொடங்கி வைத்தார். டாடா டெக்னாலஜிஸ் கூட்டோடு 71 அரசு ஐ.டி.ஐ.களில், 2,877 கோடி ரூபாயில், ரோபோவும் சி.என்.சி.யும் வருகின்றன என்று பேப்பரில் வந்தது. "அப்ப அரம் எதுக்கு மாமா?" என்றான். நல்ல கேள்வி. சி.என்.சி.யில் பொத்தான் அழுத்துகிறவனுக்கு ஒரு சம்பளம். பீஸ் ஏன் இரண்டு தவு கூடுதலாக வருகிறது என்று கண்டுபிடிக்கிறவனுக்கு வேறு சம்பளம். (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை எங்கள் பக்கம் ஏனோ 'தவு' என்றுதான் சொல்லிப் பழகிவிட்டோம்.) அந்தக் கண்டுபிடிப்பு விரல் நுனியில் இருக்கிறது, அதை அரம்தான் கொடுக்கிறது. இதை நம்புகிறேன். என் தலைமுறைக்காரன் வேறு எப்படிச் சொல்வான் என்றும் நீங்கள் கேட்கலாம்.

நிஜத் தொல்லை ரோபோவால் வரவில்லை, பைக்கால் வந்தது. கூடப் படித்தவன் ஒருவன் படிப்பை விட்டுவிட்டுச் சாப்பாடு டெலிவரிக்குப் போய்விட்டான். நாளுக்குக் கையில் காசு. இவனும் அந்த பைக்கின் பின்சீட்டில் நாலு நாள் சுற்றினான். நூற்றுக்கு எண்பது நாள் வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது என்பது அவனுக்கு உறைக்கவில்லை. அக்கா காலை ஐந்து மணிக்கு எழுந்து சாம்பார் சாதம் கட்டிக் கொடுக்கிறாள், இவன் அதைப் பூந்தமல்லியில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். நான் திட்டவில்லை. ஒரு மாத காலண்டரைக் கொடுத்து, போன நாளைப் பச்சையிலும் போகாத நாளைச் சிவப்பிலும் அவனையே குறிக்கச் சொன்னேன். இன்னும் எத்தனை சிவப்பு பாக்கி என்று அவனே எண்ணினான். மூன்று. அதோடு பைக் நின்றது.

செய்முறைத் தேர்வில் நூற்றுக்கு அறுபது எடுத்தால்தான் தேர்ச்சி. பள்ளியில் 35 போதும். எது சுலபமான படிப்பு என்று மாமாவிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் வெற்றிலையை மடித்தார். 2024-இல் முதல் முயற்சியிலேயே தேறினான். அதே வருடம் ஆகஸ்ட் 9-ஆம் தேதி, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி, ஐ.டி.ஐ. போகும் பையன்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கியது. இவன் அப்போதுதான் முடித்து வெளியே வந்திருந்தான். "ரெண்டு வருஷம் லேட்டா பொறந்திருக்கலாம்" என்றான்.

அடுத்து அப்ரண்டிஸ். 1961-ஆம் வருடத் தொழிற்பழகுநர் சட்டப்படி ஒரு தொழிற்சாலையில் உதவித்தொகையோடு பழக வேண்டும். அது முடிந்தால் தேசிய அளவில் இன்னொரு சான்றிதழ். இவனுக்கு ஒரு கம்பெனியில் இடம் கிடைத்தது. பெயர் வேண்டாம். முதல் நான்கு மாதம் பேக்கிங்கில் போட்டார்கள். அட்டைப் பெட்டியை ஒட்டுவது, டேப் அடிப்பது. இரண்டு வருடம் வெளிச்சம் வராமல் ராவப் பழகியவன் அட்டைப் பெட்டி ஒட்டுகிறான். ஃபிட்டர் பழகுநரை ஃபிட்டர் வேலையில்தான் பழக்க வேண்டும். நான் போய்ச் சண்டை போடவில்லை. சண்டை போட்டால் பையன்தான் மாட்டிக்கொள்வான். ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் எந்த வேலை என்று தினமும் எழுதச் சொன்னேன். அந்த நோட்டோடு நானும் அவனும் கம்பெனியின் பர்சனல் ஆபீசில் போய் உட்கார்ந்தோம். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் பேச்சுவாக்கில் சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை மெயின்டனன்ஸில் போட்டார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை அப்ரண்டிஸ் போனால் அந்த நோட்டை முதல் நாளே வாங்கிக் கொடுங்கள்.

நிறையப் பேர் கோட்டை விடுகிற இன்னொன்று உண்டு. பத்தாவது முடித்து இரண்டு வருட ஐ.டி.ஐ. தேறியவர்கள், பன்னிரண்டாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலம் இரண்டு தாளை மட்டும் தனித்தேர்வராக எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்று வாங்கலாம். பிளஸ் டூ கேட்கிற பல வேலைகளுக்குப் பிறகு தயங்க வேண்டியதில்லை. இதே ஐ.டி.ஐ. சான்றை வைத்துப் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பொறியியலிலும் நேரடி இரண்டாம் ஆண்டு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆவடி முருகப்பா பாலிடெக்னிக் இருக்கிறது. அந்தப் பேருந்தின் ஜன்னல் சீட்டுக்குச் சுற்று வழியிலும் போகலாம் என்று மாமாவிடம் சொன்னபோது, மூன்று வருடத்தில் முதல் தடவையாக எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். 2025 மார்ச்சில் பையன் இரண்டு தாளும் எழுதினான். தமிழில் நல்ல மார்க். ஆங்கிலத்தில் தப்பித்தான். பாலிடெக்னிக் போவானா, வேலையிலேயே நிற்பானா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தத் துண்டு, நாலு பக்கமும் இருட்டானது, அக்கா வீட்டில் டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கிறது. துருப்பிடிக்காமல் இருக்க அக்கா அதற்கும் தேங்காய் எண்ணெய் தடவுகிறாள். மெஷின் ஆயில் தடவச் சொன்னேன், கேட்கவில்லை.

வெர்னியரின் 0.02-ஐத் தட்டு முன்னால் கேட்டுக்கொண்டிருந்த தங்கை இப்போது பத்தாம் வகுப்பு. எலக்ட்ரீஷியன் படிக்கப் போகிறேன் என்கிறாள். பெண் பிள்ளைகளுக்கு 2022 செப்டம்பரிலிருந்தே புதுமைப் பெண் திட்டத்தில் ஆயிரம் ரூபாய் வருகிறது என்பதையும் அவளே விசாரித்து வைத்திருக்கிறாள். அண்ணன் சரி என்றுவிட்டான். அக்கா சரி என்றுவிட்டாள். "பொம்பளப் புள்ள கரண்ட்டுக் கம்பத்துல ஏறணுமா?" என்று மாமா கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கோயம்பேட்டுக்குப் போயிருக்கிறார். விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து இன்னும் விழவில்லை.